கேட் நோட்டில் ஒரு கையெழுத்து

ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று காவேரிப்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பதினோரு வருஷம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, லென்ஸ் வழியாகச் சின்னச் சின்னப் பலகைகளில் ஈயப் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண் மங்கிப் போயிற்று. யாரும் என்னை நிறுத்தவில்லை, நானாகத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு ஒரு பயிற்சி முடித்து, ராயக்கோட்டை ரோட்டில் இருந்த பெண்கள் மனநலக் காப்பகம் ஒன்றில் பகல் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். உட்காரத் தெரியாதவளுக்குப் பூட்டு போட்ட இடத்தில் வேலையா என்று என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெளியே போர்டில்தான் காப்பகம் என்று இருக்கும். உள்ளே வந்தால் கம்பெனிதான். எங்கள் மேனேஜர் முன்பு ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர். வாட்ச்மேனை அனுப்பும் ஏஜென்சி, சுற்றியிருக்கும் கம்பெனிகளுக்கெல்லாம் ஆள் அனுப்பும் அதே ஏஜென்சி. ஆயாக்களில் பாதிப் பேர் என்னைப் போல கம்பெனி லைனில் வேலை பார்த்துக் களைத்து வந்தவர்கள். அதனால் காலை ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து என்று ஷிஃப்ட். கழுத்தில் போட்டோ ஒட்டிய டேக். கேட்டில் கட்டைவிரல் வைக்கும் மெஷின், பை சோதனை. வேறு மாதிரி ஒரு இடத்தை நடத்தலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை.

அங்கே இருந்தவர்களை இரண்டாகப் பிரித்திருந்தோம். பெரும்பாலானவர்கள் காம்பவுண்டுக்குள் நடமாடலாம், தோட்டத்துக்கு வரலாம். தன்னையோ பிறரையோ காயப்படுத்துவார்கள், ஓடிவிடுவார்கள் என்று எழுதப்பட்டவர்கள் மட்டும் உள்ளே ஒரு கிரில் கதவுக்குப் பின்னால் இருப்பார்கள். அந்தக் கிரிலின் சாவி என் இடுப்பில் தொங்கும்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. சிவகங்கைப் பக்கம். பள்ளி முடித்த கையோடு ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு வந்து, ஊருக்கு வெளியே ஒரு ஹாஸ்டலில் தங்கி, லைனில் வயர் மாட்டும் வேலை பார்த்தவள். ஒரு கட்டத்தில் தூக்கம் நின்றுவிட்டது. ரூமில் படுத்திருக்கும்போதும் சூப்பர்வைசர் திட்டுவது காதில் கேட்கிறது என்றிருக்கிறாள். கம்பெனி நிறுத்திவிட்டது. தனியாக இருந்த அம்மாவால் சமாளிக்க முடியாமல் எங்களிடம் வந்து சேர்ந்தாள். கிரிலுக்குப் பின்னால் வைக்கச் சொல்லி அவளை இன்னும் யாரும் எழுதியிருக்கவில்லை.

தினமும் விடிவதற்குள் எழுந்து, தலையை வழித்துச் சீவி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கேட்டில் போய் நிற்பாள். "கம்பெனி பஸ் வந்துரும், விடுங்க. லேட்டானா உள்ள விட மாட்டாக" என்பாள். நாங்கள் விடமாட்டோம். அவள் கத்துவாள், பிராண்டுவாள். இரண்டு ஆயாக்கள் அமுக்கிப் பிடிக்க, நர்ஸ் ஊசி போடுவார். மத்தியானம் வரை தூங்குவாள். மறுநாள் திரும்பவும் பவுடர், கேட், ஊசி. மூன்று வாரம் இதைப் பார்த்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு நாள் காலையில் வார்டு ஆயாவைப் பிடித்துக் கத்திவிட்டேன்.

"தெனமும் ஒரு புள்ளைய அமுக்கிப் போட்டு குத்தறதுக்குப் பேரு வைத்தியமா?"

ஆயா எல்லையோரத்துப் பேரிகை ஊர்க்காரி. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். "நாங்க என்ன ஆசைக்கா குத்தறோம்? உனக்கு வேற வழி தெரிஞ்சா நீ செய்யி மேடம்" என்றாள்.

செய்தேன். அதுதான் நான் செய்த தப்பு, அதுதான் நான் அங்கே செய்த ஒரே நல்ல காரியமும். வேலையை விட்டுப் போன துப்புரவுப் பெண் ஒருத்தியின் பழைய டேக் டிராயரில் கிடந்தது. அந்தப் பெண்ணின் கோப்பில் கூடுதலாக இருந்த பாஸ்போர்ட் போட்டோவை எடுத்து அதன்மேல் ஒட்டி, நீலக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆயாக்கள் வரிசையோடு அவளையும் நிறுத்தி, கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். மெஷின் அவளை அறியாது. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எனக்கு ரேகை தேஞ்சு போச்சுக்கா, அங்கயும் இப்பிடித்தான் சொல்லும்" என்று சொல்லிவிட்டு, வந்த வேலையைப் பார்க்க உள்ளே திரும்பினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஷிஃப்ட். பெட்ஷீட் மடிப்பாள், அவரைக்காய் உரிப்பாள். "இன்னைக்கு டார்கெட் எவ்வளவுக்கா?" என்று கேட்பாள். ஐம்பது ஷீட் என்றால் ஐம்பத்தைந்து மடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு மணிக்கு மறுபடி வரிசையில் நின்று விரலை வைத்துவிட்டு வார்டுக்குத் திரும்பிவிடுவாள். கேட்டில் இருந்த பழைய வாட்ச்மேனுக்கு இந்த விளையாட்டு தெரியும். "போயிட்டு வாம்மா" என்று உள்பக்கம் கை காட்டுவார். ஊசி நின்றது. பிராண்டல் நின்றது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர், மாற்றிக் கொடுத்த மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று கோப்பில் எழுதினார். மாத்திரையாம்! எனக்கு எரிந்தது. ஆனால் டேக் விஷயத்தை நான் எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதினால் அனுமதி கேட்க வேண்டும், கேட்டால் மேனேஜர் முடியாது என்பார். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் இன்னொன்றும் எழுதினார். வரும் வியாழக்கிழமை அவள் அம்மா வந்து இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம், அங்கே நன்றாக இருந்தால் திரும்ப வரவே வேண்டாம். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "லீவு சாங்ஷன் ஆயிருச்சாக்கா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு அறுபது ஷீட் மடித்தாள்.

வியாழனுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பழைய வாட்ச்மேன், மகள் வீட்டுப் புதுமனைப் புகுவிழா என்று லீவு. ஏஜென்சி ஒரு புது ஆளை அனுப்பியிருந்தது. அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. துவைக்கப் போன ஷீட்டில் எட்டு குறைகிறது என்று சலவைக்காரரோடு பின்பக்கம் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, என் கோபம் எப்போதும் வேண்டாத இடத்தில்தான் போய் நிற்கும்.

இரண்டேகாலுக்குத் தலை எண்ணும் வழக்கம். பேரிகை ஆயா எண்ணிவிட்டு ஓடி வந்தாள். "மேடம், ஒண்ணு கம்மி."

குளியலறை, மாடி, சமையல்கட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தோம். தொட்டி மூடியை நான்தான் தூக்கிப் பார்த்தேன். கடைசியில்தான் கேட்டுக்கு வந்தேன்.

"ரெண்டு மணிக்கு யார் யாரை வெளிய விட்டீங்க?"

"ஷிஃப்ட் முடிஞ்சவங்கள மட்டுந்தான் விட்டேன் மேடம். டேக் பாத்து, பை செக் பண்ணி. எல்லாரும் போனப்புறம் கடைசியா நின்ன ஒரு பொண்ணுக்கு மட்டும் ரேகை விழல. ரூல்படி நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுத்தான் அனுப்பினேன்."

அவர் நோட்டை நீட்டினார். அழகான முத்து முத்தான எழுத்தில் அவள் பெயர். பக்கத்தில் நேரம்: 2.04. எங்கள் ஆயாக்களில் ஒருத்தியாவது இப்படி நிமிஷத்தோடு எழுதியிருக்கிறாளா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் ரோட்டுக்கு ஓடி இரண்டு பக்கமும் பார்த்தேன்.

எங்கள் விதிப்புத்தகத்தில் தப்பி ஓடியவர்களுக்கு ஒரு பத்தி உண்டு. திரும்பக் கிடைத்தால் மூன்று மாதம் கிரிலுக்குப் பின்னால். வீட்டு விடுப்பு ரத்து. அவள் அம்மா ஆறு நாள் கழித்து அவ்வளவு தூரத்திலிருந்து வந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். கிடைத்தால்தான் அதுவும். மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அஞ்சு மணி வரைக்கும் தேடிப் பாருங்க. அதுக்கப்புறம் நான் போலீசுக்குச் சொல்லியே ஆகணும்" என்றார்.

ஆயாவின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அவள் வேலை பார்த்த கம்பெனிக்குத்தான் போயிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் அந்த பஸ்ஸுக்குத்தானே நின்றாள். வழியெல்லாம் ஓரத்தில் நடக்கும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு முறை லாரிக்காரர்கள் என்னைக் கன்னடத்தில் திட்டினார்கள்.

சானமாவு காட்டுப் பக்கம் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கேழ்வரகு முற்றியிருந்த நேரம். யானைகள் காட்டிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கக் காத்திருக்கின்றன என்று வனத்துறைக் காவலர் ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஹாரனை அழுத்தினேன், இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கிக் காவலரிடம் போனேன்.

"சார், ஒரே ஒரு வண்டி. அவசரம் சார்."

"அவசரம்னு அதுங்ககிட்ட சொல்லிப் பாரும்மா."

"ஒரு பொண்ணு இந்தப் பக்கம் நடந்து போச்சா சார்? செவப்பு சுடிதார், கழுத்துல நீலக் கயித்துல டேக்கு."

அவர் மைக்கை இறக்கிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இந்த ரோட்டுல போற பொண்ணுங்க எல்லாருமே கழுத்துல டேக்குதாம்மா போட்டிருக்காங்க."

எனக்கு அழுகை வந்தது. யானைகள் எத்தனை கடந்தன என்று பார்க்கவில்லை. வழி விட்டதும் போனேன்.

தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேரும்போது நாலு மணிக்குப் பக்கம். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். நம்பாமல் எதிரே ஒரு டீக்கடை ஓரத்தில் நின்றேன். உட்காரச் சொல்லி ஸ்டூலை நகர்த்தினார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். காலை ஷிஃப்டில் கூடுதலாக இரண்டு மணி நேரம் வேலை பார்த்த பெண்கள் அப்போதுதான் வெளியே வந்தார்கள். துப்பட்டாவின் ஊக்கைக் கழற்றிக்கொண்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நடந்தார்கள். பதினோரு வருஷம் நானும் இப்படித்தான் வெளியே வந்திருக்கிறேன். ஒரு நாளாவது திரும்பி கேட்டைப் பார்த்திருக்கிறேனா? ஷிஃப்ட் முடிந்து விரலை வைத்துவிட்டு வந்தவள் எவளாவது கம்பெனிக்குப் போவாளா? ரூமுக்கல்லவா போவாள். பைத்தியம் பிடித்தது எனக்குத்தான்.

அவள் கோப்பில் இருந்த பழைய ஹாஸ்டல் முகவரி தெரு பெயரோடு எனக்கு நினைவிருந்தது. நாலு மாடி வீடு. கீழே உட்கார்ந்திருந்த வார்டன் அம்மா யார் வேண்டும் என்று தெலுங்கில் கேட்டு, என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "செவப்பு சுடிதாரா? டேக்கு போட்டிருந்துச்சு, நானே இங்க வந்து ஒரு மாசந்தான், புதுசா சேர்ந்த பொண்ணுன்னு நெனச்சேன். மேல துவைக்குது பாரு."

மொட்டை மாடியில் அவள் சுடிதார் பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, வேறு யாரோ பெண்களோடு உட்கார்ந்து தன் துப்பட்டாவுக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தாள்.

"அக்கா! நீங்களும் இங்கதான் ரூம் எடுத்திருக்கீகளா?"

தண்ணீர்த் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எப்படி கண்ணு வந்தே?"

"ஃப்ரீ பஸ்லதான். ஏங்க்கா, ஏதும் தப்பாயிருச்சா? கையெழுத்துப் போட்டுட்டுத்தான வந்தேன். காலைல கரெக்டா வந்துருவேன்ல."

வந்திருப்பாள். அதை இன்றும் நம்புகிறேன். மறுநாள் ஆறு மணிக்குப் பவுடர் போட்டுக்கொண்டு எங்கள் கேட்டில் வந்து நின்றிருப்பாள்.

நான் அவளிடம் பொய் சொன்னேன். ஆள் பத்தவில்லை, இரண்டாவது ஷிஃப்டும் பார்க்கச் சொல்கிறார்கள் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் ஈரத் துப்பட்டாவைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வரமாட்டேன் என்று எந்த லைனில் சொல்ல முடியும்? ஸ்கூட்டரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "டபுள் ட்யூட்டி பாத்தா லீவுல கை வைக்க மாட்டாகள்ல?" என்று ஒரு தடவை கேட்டாள். காற்றில் காது கேட்காதது போல இருந்துவிட்டேன்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே நுழைந்தோம். மேனேஜர் சம்பவப் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"தப்பி ஓடினார், மூணு மணி நேரத்துல மீட்கப்பட்டார்னு எழுதுங்க. அவ்வளவுதான்."

"கேட் நோட்டு இருக்கே சார்."

"அத நான் பாத்துக்கறேன். டேக் யார் குடுத்ததுன்னு நான் கேக்கல பாத்தீங்களா? உள்ளத எழுதினா வாட்ச்மேனுக்கு வேலை போகும், உங்களுக்குப் போகும், லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரத்துல இந்த இடமே தொங்கும். அந்தப் பொண்ணுக்கு என்னம்மா, மூணு மாசம். சாப்பாடு இருக்கு, மருந்து இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். அன்றைக்கு மட்டும் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. வீட்டு வாடகை, கண் சரியில்லாத நாற்பத்து நாலு வயசு, இனி எங்கே போய் நிற்பது என்ற பயம். பேனாவை எடுத்து, அவர் சொன்னதை என் கையால் எழுதினேன். அவளைக் கிரிலுக்குப் பின்னால் விட்டுப் பூட்டியதும் நான்தான்.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடிந்ததும், ஆறு மணிக்கெல்லாம் போய்விட்டேன். கிரிலுக்குப் பின்னால் அவள் சீவிச் சிங்காரித்து நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை, பிராண்டவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"அக்கா, என் டேக்க வாங்கிட்டாக. என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாகளா?"

என் கை இடுப்புச் சாவிக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"நேத்து டபுள் ட்யூட்டி கூடப் பாக்க வந்தேனேக்கா."

நேராக ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் வந்திருக்கவில்லை. பதிவேட்டை எடுத்து, முந்தின நாள் எழுதியதன் குறுக்கே கோடு போட்டு, கீழே எழுதினேன். இவர் தப்பி ஓடவில்லை. இவருக்குப் பணியாளர் டேக் கொடுத்தது நான். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. புதுக் காவலரிடம் சொல்லாததும் நான். காவலர் விதிப்படி கையெழுத்து வாங்கியே அனுப்பியிருக்கிறார், பார்க்க கேட் நோட்டு, 2.04. எழுதி முடித்ததும் டாக்டருக்குப் போன் போட்டு, வரிக்கு வரி படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டால் மறுபடி பயம் வந்துவிடும் என்று வேகவேகமாகப் படித்தேன்.

டாக்டர் கடைசி வரி வரை கேட்டுக்கொண்டார். பிறகு, "இத எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமே. நான் மாத்திரைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். வீட்டு விடுப்பு ரத்தில்லை என்று மேனேஜருக்கு எழுதி அனுப்புவதாகச் சொன்னார். வியாழக்கிழமை அவள் அம்மா வந்து அழைத்துக்கொண்டு போனதைப் பேரிகை ஆயா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் அப்போது அங்கே இல்லை.

ஒன்பது மணிக்கு வந்த மேனேஜர் பதிவேட்டை இரண்டு முறை படித்தார். "நாளைலேர்ந்து வர வேண்டாம்மா" என்றார். அதற்கும் குரலை உயர்த்தவில்லை. சாவியை வாங்கிக்கொள்ளும் முன் ஒரு ஐந்து நிமிஷம் கேட்டேன். வார்டுக்குப் போனேன்.

அவள் இன்னும் கம்பியைப் பிடித்தபடியேதான் இருந்தாள். பூட்டைத் திறந்து கதவை அகலமாகத் தள்ளினேன். "உன்னை யாரும் நிறுத்தல கண்ணு. லீவும் இருக்கு. வியாழக்கெழம அம்மா வராங்க" என்றேன். அதோடு போயிருக்கலாம். ஆனால் அவளிடம் இனியும் ஒரு பொய் மிச்சம் வைக்க எனக்கு மனசில்லை. "என்னைத்தான் நிறுத்திட்டாங்க" என்றேன். சொன்ன மாத்திரத்தில் வாய் கோணி, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டேன், அத்தனை ஆயாக்கள் முன்னாலும்.

அவள் வெளியே வந்து என் கையைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழாதீகக்கா. எனக்கும் மொதல்ல இப்பிடித்தான் இருந்துச்சு. காலைல எந்திரிச்சுக் கெளம்பிருவேன். எங்க போறதுன்னுதான் தெரியாது."